பத்தாம் நம்பர் செருப்பு

"அப்பனும் ஆத்தாளும் ஏரோப்ளேன் ஏறி முழுசா மூணு வாரம் ஆகலைங்க்கா. அதுக்குள்ள அந்தூட்டு வாசல்ல ஆம்பளைச் செருப்பு கெடக்குது!"

பால் பூத் வரிசையில் நின்றுகொண்டு, முன்னால் இருந்தவளிடம் சின்னாத்தாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலு பேர் தள்ளி நின்ற லோகப்பிரியாவுக்குச் சிரிப்பு வந்தது. யார் வீட்டுக் கதையோ!

"எந்தூட்லீங்க?"

"என்ற எதுத்தூடுதான். பச்சை கேட்டு. பொழுது சாஞ்சா வருது, விடியறதுக்குள்ள போயிருது. பத்தாம் நம்பர் இருக்கும். ஆளு நல்ல ஒசரமாத்தான் இருக்கோணும்."

கணபதி ஏரியாவின் அந்தத் தெருவில் பச்சை கேட் ஒன்றே ஒன்றுதான். லோகப்பிரியா பால் வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினாள்.

அக்காவின் பிரசவத்துக்காக அம்மாவும் அப்பாவும் அமெரிக்கா போயிருந்தார்கள். மூன்று மாதம். "வயசுப் புள்ளையைத் தனியா உட்டுப்போட்டு எப்படிங்க?" என்று அம்மா கலங்கியபோது, "கம்ப்யூட்டர் சென்டர் வேலையை விட மாட்டேன். நான் இருந்துக்குவேன்" என்று பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அழுத்திச் சொன்னாள் லோகப்பிரியா.

அப்பா ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு.

"தெருவுல ஒரு பேச்சு வந்துதுன்னாலும், வேலையை உட்டுப்போட்டு பொள்ளாச்சிக்கு, பெரியப்பா ஊட்டுக்குப் போயிரோணும்."

இந்த மூன்று வாரத்தில் அவளே கேஸ் சிலிண்டர் மாற்றினாள், ஃப்யூஸ் போட்டாள், கரன்ட் பில் கட்டினாள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவள், காலி வீட்டில் சத்தமாகப் பாடக்கூடச் செய்தாள். வீடு அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

இப்போது எங்கிருந்தோ ஒரு செருப்பு!

அன்று மாலையே போன் வந்தது. பெரியப்பா தனபால்.

"லோகு, ஞாயித்துக்கெழமை வாரேன். துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுக்க."

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பேச்சு பொள்ளாச்சி வரைக்கும் போய்விட்டது.

லோகப்பிரியா அழவில்லை. சனிக்கிழமை பொழுது சாயும்போது விளக்கைப் போடாமல் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றாள்.

ஏழு மணி இருக்கும். கேட் மெல்லத் திறந்தது.

பக்கத்து வீட்டு நாச்சியம்மாள்!

புருஷன் இறந்தபிறகு தனியாளாக மில் வேலைக்குப் போய் வருகிறவள். யாரைப் பார்த்தும் சிரித்ததில்லை. முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்த செருப்பை வாசற்படியில் போட்டாள். அப்போதுதான் யாரோ கழற்றிவிட்டது மாதிரி இருக்க, ஒன்றை மட்டும் காலால் கொஞ்சம் கோணலாகத் தள்ளினாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

'அடிப்பாவி! நான் உனக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?'

கதவைத் திறந்து கேட்க நாக்கு எழவில்லை. ஆனால் அவள் தலை மறைந்ததும் செருப்பை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டாள். சாட்சி வேண்டுமே!

மறுநாள் எட்டு மணிக்குப் பெரியப்பா வந்தார். செருப்பைப் படியில் விட்டுவிட்டு உள்ளே வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"பொட்டி எங்க அம்மணி?"

"பொட்டி கட்டலைங்க பெரியப்பா. மொதல்ல இதைப் பாருங்க." செருப்பைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். "கொண்டாந்து போட்டது யாருன்னு நானே கண்ணால பார்த்தேன். உங்களுக்கு முன்னாடியே கேட்கறேன்."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. காம்பவுண்டுச் சுவர் அருகே போய், "ஏனுங்க அத்தை, கொஞ்சம் வந்துட்டுப் போங்க!" என்றாள்.

நாச்சியம்மாள் வந்தாள். செருப்பைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டாள்.

"இங்கதான் இருக்குதா? காலையில வந்து பாத்தாக் காணோம். நாய் தூக்கிட்டுப் போயிருச்சோன்னு தெருவெல்லாம் தேடிப்போட்டேன் கண்ணு."

"இது யாரோடதுங்க?" பெரியப்பாவின் குரல் கடுமையாக இருந்தது.

"என்ற ஊட்டுக்காரரோடதுங்ண்ணா. அவரு போயி நாலு வருசமாச்சு. அன்னைக்கிருந்து என்ற வாசல்லயேதான் கெடந்துச்சு. ஆம்பளை இருக்கற ஊடுன்னு நெனைச்சுட்டு ஒருத்தனும் கிட்ட வர மாட்டான் பாருங்க." குரலைத் தாழ்த்தினாள். "போன வாரம் ரெண்டு பேரு இந்தூட்டு கேட்டுக்கிட்ட நின்னு எட்டி எட்டிப் பாத்தானுங்க. சொன்னா புள்ளை பயந்துக்கும். அதான் பொழுதோட கொண்டாந்து போட்டுட்டு, புள்ளை கோலம் போட வர்றதுக்குள்ள எடுத்துக்குவேன்."

லோகப்பிரியா அந்தச் செருப்பைப் பார்த்தாள்.

"அப்ப... உங்க ஊட்டுக்குங்க அத்தை?"

"எனக்கென்ன கண்ணு, தலைமாட்டுல அருவா இருக்குது."

"தெருவுல இதை வெச்சு என்னென்னமோ பேசறாங்க அத்தை."

"பேசறாங்களா?" நாச்சியம்மாள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "நாலு வருசமா என்ற வாசல்ல கெடந்தப்ப ஒருத்தரும் ஒண்ணும் பேசலையே!"

பெரியப்பா அப்போதுதான் உட்கார்ந்தார். லோகப்பிரியா கொடுத்த காப்பியைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"போயிட்டு வாரேன் லோகு."

குனிந்து அந்தப் பத்தாம் நம்பர் செருப்பை இரண்டு கையாலும் எடுத்தார். தெரு வழியாகவே கொண்டுபோய் நாச்சியம்மாளின் வாசற்படியில் ஜோடியாக வைத்தார். எதிர்வீட்டில் பெருக்கிக்கொண்டிருந்த சின்னாத்தாள் விளக்குமாறோடு நிமிர்ந்து பார்த்தாள்.

லோகப்பிரியாவின் வாசலில் கழற்றிவிட்ட தன் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார் பெரியப்பா.