வெறும் மணல்

அதிகாரி வலைக்கூடத்துத் தரையில் கடலின் வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமலிருக்க மூலைக்கு ஒரு ஈயக்குண்டு வைத்தார். "கடல்ல யாருக்கு எந்த இடம், உங்களுக்குள்ள எப்படிப் பிரிச்சுக்கிறீங்கன்னு சொல்லுங்க. அதை விட்டுட்டு மத்த இடத்துலதான் காற்றாலை வரும்" என்றார். தொபியாஸ் அவரை நம்பவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்ற மச்சான் சிலுவையை அதைவிட நம்பவில்லை. மீன் அடையும் பாறை எங்கே கிடக்கிறது என்பதைக் கூடப்பிறந்தவனிடமும் சொல்லாத ஊர் அது. யாராவது பின்தொடர்ந்து வந்தால் படகை வேறு பக்கம் திருப்பி, வெறுந்தண்ணீரில் வலை போட்டுப் பொழுதைப் போக்குவார்கள். தொபியாஸ் குனிந்து, பாசிகூடப் பிடிக்காத மணல்தரை ஒன்றின்மேல் விரலை வைத்தான். "இங்கனதான் சார்." அடுத்து வந்த சிலுவையும் "எனக்கும் அங்கனதான்" என்றான். ஊரே வரிசையாக வந்து அந்த மணலையே தொட்டது. "இப்படி ஒத்துமையான ஊரை நான் பார்த்ததில்ல" என்று அதிகாரி அதைச் சுற்றிப் பச்சையில் வட்டம் போட்டார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, காற்றாலைக்கென்று மிச்சக் கடலைத் தீட்டத் தொடங்கினார். பென்சில் தன் பாறையை நெருங்கியபோது தொபியாஸ் ஒரு அடி முன்னால் வைத்து நின்றுவிட்டான். சொன்னால், விடிவதற்குள் சிலுவையின் வலை அங்கே கிடக்கும். திரும்பிப் பார்த்தான்.  சிலுவையின் கண் படத்தில் ஓரிடத்தை விட்டு அசையவில்லை. ஓகோ, இவன் பாறை அங்கேயா என்று தொபியாஸ் அந்த இடத்தை மனசுக்குள் குறித்துக்கொண்டான். சிவப்பு அதன்மேலும் ஏறிக்கொண்டிருந்தது.