ஒரு பெட்டிக்கு ஒரு டிவி

"இந்தப் பழைய கேபிள் பெட்டி இனிமே ஓடாதும்மா. புதுசுல ஒரு டிவிதான் வரும். எந்த ரூம்ல மாட்டட்டும்? இல்ல, மொத்தமா கட் பண்ணிடவா?" என்று கேபிள்காரர் கேட்டார்.

அக்கா பெட்டிக்குப் பின்னால் போகும் ஒயர்களைப் பார்த்தாள்.

தலையைப் பிய்த்துக்கொள்ளும்படியான கேள்வி ஒன்றும் இல்லை. தெருவில் பாதி வீடுகளில் கேபிளை வெட்டியாகிவிட்டது. ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகு இது யாருக்கு வேண்டும்? அவளுக்கும் வேண்டாம்தான். தினமும் டிவிக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்காருகிறாளே தவிர, என்ன பார்த்தாய் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள்.

ஆனால் அந்தப் பழைய பெட்டியிலிருந்து இரண்டு ஒயர்கள் கிளம்பின. ஒன்று அவளுடைய டிவிக்கு. இன்னொன்று சுவரில் போட்ட ஓட்டை வழியாக அடுத்த அறைக்கு, தங்கையின் டிவிக்கு. பெட்டியும் ரிமோட்டும் இவளிடம். இங்கே எதை வைக்கிறாளோ அதுதான் அங்கேயும் தெரியும்.

அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சு நின்று ஆறு வருடம். அந்த அறைக்குள் அவள் காலெடுத்து வைத்தும் ஆறு வருடம்.

வேறு யாரும் இல்லாத வீடு. சமையலறையை வேளை பிரித்துக்கொண்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குள் அக்கா முடித்துவிடுவாள். அதற்குப் பிறகு தங்கை. உட்கார்ந்து பேசிச் செய்த ஏற்பாடு இல்லை. பேசினால்தானே.

தப்பு அக்காவுடையது. அதில் அவளுக்கே சந்தேகம் கிடையாது.

தங்கை வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு வந்து போய்ப் பழக்கமான ஒரு வாத்தியார், மனைவியை இழந்தவர், முறைப்படி பெண் கேட்டு வீடு தேடி வந்தார். "நாப்பத்தாறு வயசுல இவளுக்கு என்ன கல்யாணம்?" என்று அக்கா அவர் முகத்துக்கு நேராகவே சிரித்துவிட்டாள். மனிதர் குடிக்கக் கொடுத்த தண்ணீரை அப்படியே வைத்துவிட்டுப் போனார். பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

தங்கை அழவில்லை. சண்டைக்கு வரவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மன்னிப்புக் கேட்க அக்காவுக்கு வாய் வரவில்லை. கையில் ரிமோட் இருந்தது. எட்டு மணிக்குத் தங்கைக்குப் பிடித்த கோர்ட் சீரியல், அது முடிந்ததும் நகைச்சுவை. அக்காவுக்கு இரண்டும் எட்டிக்காய். இருந்தாலும் ஒரு நாள் தவறாமல் வைத்தாள்.

இரண்டு டிவியும் ஒன்றையே பேசுவதால் எது எந்த அறையின் சத்தம் என்று பிரிக்க முடியாது. நடுநடுவே சுவருக்கு அந்தப் பக்கம் தங்கை சிரிப்பது மட்டும் தனியாகக் கேட்கும்.

ஆரம்பத்தில் அதைக் கேட்டால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும். போகப் போக அதுவும் மரத்துவிட்டது. சிரிப்பு வந்ததா, வந்தது. டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போவாள்.

கேபிளை வெட்டினால் அந்தச் சிரிப்பும் நின்றுவிடும். தங்கைக்கென்று அவள் செய்துகொண்டிருந்த காரியம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

அந்த அறைக்குத் தனி இணைப்பு வேண்டுமானால் தங்கைதான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதை யார் போய் அவளிடம் சொல்வது?

கேபிள்காரர் ஸ்க்ரூடிரைவரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னும் பதினோரு வீடு பாக்கி.

"அந்த ரூம்லயே மாட்டிடுங்க. எனக்கு வேண்டாம்," என்றாள் அக்கா.

சொன்ன பிறகு, மனசுக்குள் ஏதாவது ஆகிறதா என்று பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. இனி சாயங்காலங்களில் சீக்கிரம் படுத்துவிடலாம் என்று தோன்றியது.

அவர் புதுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அடுத்த அறைக் கதவைத் தட்டினார். தங்கைக்கு இன்று விடுமுறை. கதவு திறந்தது. தங்கை என்னவோ சொன்னாள். தாழ்ந்த குரல், வார்த்தை பிடிபடவில்லை. கதவு மறுபடி சாத்திக்கொண்டது.

போன வேகத்தில் கேபிள்காரர் பெட்டியோடு திரும்பி வந்தார்.

"அங்க டிவியே இல்லையேம்மா. கெட்டுப்போச்சுன்னு பழைய சாமான்காரர்கிட்ட போட்டு நாலு வருஷம் ஆச்சாம். சுவரை ஒட்டி ஒரு நாற்காலிதான் கிடக்கு."

அக்கா சுவரைப் பார்த்தாள்.

நேற்று எட்டே முக்காலுக்கு, சரியாகச் சிரிக்க வேண்டிய இடத்தில், தங்கை சிரித்திருந்தாள்.

நாலு வருடம். படமே இல்லாமல், சுவருக்கு இந்தப் பக்கம் ஓடிய சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

அடுத்த அறையில் நாற்காலியைத் தரையோடு இழுக்கும் சத்தம் கேட்டது. கேபிள்காரர் சொன்னது தங்கையின் காதிலும் விழுந்திருக்கிறது. அவசர அவசரமாக அதைச் சுவரைவிட்டு நகர்த்துகிறாள்.



"அப்போ கட் பண்ணிடவாம்மா?"

"வேண்டாம், இங்கயே மாட்டுங்க. எட்டு மணிக்கு சீரியல் இருக்கு," என்றாள். பக்கத்தில் நிற்கிறவருக்குச் சொல்ல அவ்வளவு சத்தம் தேவையில்லை.

இழுபட்டுக்கொண்டிருந்த நாற்காலி பாதியில் நின்றது.