நாற்பது நிமிடப் பேச்சு

ஓய்வுபெற்றுக் குடியேறும் வெளிநாட்டுத் தம்பதிகள் மாதம் பத்து மணி நேரமாவது தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் குடியிருப்பு அனுமதி ரத்தாகிவிடும். அந்தக் கடலோர நாட்டில் அதுதான் சட்டம். இன்னும் நாற்பது நிமிடம் பாக்கி என்று சுவரிலிருந்த கருவி காட்டியது. மாலை ஆறு மணியோடு கெடு முடிகிறது.

ஹேமலதா பதினெட்டு நாளாக வாய் திறக்கவில்லை. கோயம்புத்தூருக்குத் திரும்ப அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

"வீட்ட வித்துப்போட்டு வந்துட்டோம், ஹேமா. அங்க போயி எங்க இருக்கறது?" கணவர் நவநீதன் கெஞ்சினார், கத்தினார். ஒருவரே பேசினால் கருவி கணக்கில் சேர்த்துக்கொள்ளாது. அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஐந்தேகாலுக்கு அவர் ஓய்ந்துபோய் அவளெதிரே உட்கார்ந்தார். "இங்க வர்றதுக்கு உனக்கு இஷ்டமான்னு நான் கேக்கவே இல்லியா?"

"இல்லீங்க. டிக்கெட்டத்தான் காட்டுனீங்க."

அதன்பின் அவளால் நிறுத்த முடியவில்லை. அக்காவின் சாவுக்குப் போக முடியாததைச் சொன்னாள். டாக்டரிடம் மொழிபெயர்ப்புக் கருவி வழியாக உடம்பைப் பற்றிப் பேசும் கூச்சத்தைச் சொன்னாள். இந்தக் கடல் பிடித்திருக்கிறது என்பதைக்கூடச் சொன்னாள். அவர் இடையிடையே கேள்வி கேட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் மணி அடித்தது. "அனுமதி ஓராண்டு நீட்டிக்கப்படுகிறது. ஏற்கிறீர்களா?" என்றது கருவி.

ஹேமலதா பதறி வாயைப் பொத்திக்கொண்டாள்.

நவநீதன் எழுந்துபோய் 'இல்லை' என்பதை அழுத்திவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அப்பறம்? அக்கா கடைசியா உங்கிட்ட என்ன பேசுனாங்க?"