டிக் போட்ட கரடி

வடதுருவக் கடலில் போகும் கப்பலில், மரகதம் டீச்சரின் சிவப்புப் பேனா காலையிலிருந்து கைப்பைக்குள் புழுங்கிக்கொண்டிருந்தது. பதினாறு வருஷமாக அவர் கையில் இருந்தபடி பரீட்சைத் தாள் திருத்தியது அது. போன வாரம் வாங்கிய பைனாகுலரோ இன்று அவர் கழுத்தில் தொங்கியது.

சாயங்காலம் அறைக்கு வந்த டீச்சர், அன்றைக்குப் பார்த்த விலங்குகளின் பட்டியலில் வெண்கரடிக்கு நேராகச் சிவப்பில் ஒரு டிக் போட்டார். பேனாவையும் பைனாகுலரையும் மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

"நீ பார்த்தது வெறும் வெள்ளைப் புள்ளி," என்றது பேனா. "நான் டிக் போட்ட பிறகுதான் அது கரடி."

"இருக்கட்டும் அக்கா," என்றது பைனாகுலர்.

பேனா முகத்தைத் திருப்பிக்கொண்டது. வெகு நேரம் கழித்து, திரும்பாமலே கேட்டது:

"கூடக் குட்டி ஏதாவது இருந்ததா?"