மோட்டார் படகு ஒழித்த பாசி

படகுச் சவாரி நடக்கும் ஏரி ஒன்றில், எங்கிருந்தோ வந்த கொடிப்பாசி வேர்விட்டுப் பரவியது.

"இதை ஒழிச்சுக்கட்ட நான் ஒருத்தன் போதும்" என்றது மோட்டார் படகு. ஏரி முழுக்கச் சீறிப் பாய்ந்து, பாசியைத் துண்டு துண்டாக வெட்டித் தள்ளியது. துடுப்புப் படகோ ஓர் ஓரமாக நின்று, ஒவ்வொரு கொடியாக வேரோடு பிடுங்கிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தது.

பத்து நாளில் பாசி இரண்டு மடங்கானது. குஞ்சுகள் நீந்த வழியில்லாமல் தவிப்பதைப் பார்த்த நீர்க்கோழி, மோட்டார் படகிடம் வந்தது.

"அண்ணே, நீங்க வெட்டிவிட்ட ஒவ்வொரு துண்டும் தனிக் கொடியா முளைச்சிருக்கு. கொஞ்ச நாள் சும்மா இருங்களேன்."

"நான் சும்மா இருந்தா இந்த ஏரியோட கதி என்ன?" என்று கேட்டுவிட்டு, மோட்டார் படகு முன்னிலும் வேகமாகக் கிளம்பியது. நடு ஏரியில், அதன் அடியில் சுழலும் விசிறியைப் பாசி சுற்றிக்கொண்டது. என்ஜின் இருமி நின்றது.

துடுப்புப் படகு வந்து, கயிறு கட்டி, அதை மெல்லக் கரைக்கு இழுத்துவந்து சேர்த்தது. பிறகு மிச்சக் கொடிகளைப் பிடுங்கத் திரும்பிப் போனது.

விசிறியில் பெரிய பொதியாகப் பாசி தொங்க, மோட்டார் படகு கரையில் இருந்த மற்றப் படகுகளை நிமிர்ந்து பார்த்தது.

"பாத்தீங்களா, இவ்வளவு பாசியையும் ஒரே நடையில கொண்டுவந்துட்டேன்."