பெற்றுக்கொள்பவர் பெயர்

தூத்துக்குடி துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகள் பேசும். பெட்டியைப் பிரித்துப் போட்டாலும் பலகையின் பேச்சு நிற்காது. செல்வின் அந்தப் பலகைகளை வாங்கி முக்காலி, அலமாரி என்று செய்து விற்பவன். இழைப்பதற்கு முன் ஒவ்வொரு பலகையிலும் இருக்கும் மிளகளவு வாயை உளியால் நெம்பி எடுத்துவிடுவான். ஒன்றிரண்டு தப்பிவிடும். அப்படித் தப்பிய முக்காலி ஒன்று, யார் உட்கார்ந்தாலும் "மேலே பாரம் ஏற்றாதீர்" என்று கத்தியது. அவன் மனைவி பெல்சி அதை விற்க விடவில்லை.

"மாமியார் இல்லாத வீட்ல அதட்ட ஒரு ஆளு வேணும்லா" என்று சமையலறையில் போட்டுக்கொண்டாள்.

பெல்சி காய்ச்சலில் இறந்தபோது, சவப்பெட்டியைக் கடையில் வாங்க அவனுக்கு மனம் வரவில்லை. வீட்டு அலமாரிக்கென்று அவளே பொறுக்கி ஒதுக்கியிருந்த பலகைகளைச் சேர்த்து, அழுதுகொண்டே ஆணி அடித்தான். வாயை நெம்பி எடுக்க மறந்துவிட்டான்.

கல்லறைத் தோட்டத்தில் கயிறு தளர்ந்து, பெட்டி குழியின் தரையைத் தொட்டது. ஃபாதர் ஜெபத்தை முடித்து முதல் பிடி மண்ணை அள்ளினார். அப்போது குழிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சரக்கு வந்து சேர்ந்தது. பெற்றுக்கொள்பவர் பெயரைச் சொல்லவும்."

அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டார்கள். பெல்சியின் தம்பி செல்வின் காதோடு சொன்னான்: "அத்தான், ஏதாவது ஒரு பேரச் சொல்லி அத நிப்பாட்டுங்க."

பெட்டி மறுபடியும் பேசியது. "பெயர் சொல்லாவிட்டால், சரக்கு அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பப்படும்."

செல்வின் பாய்ந்து, மண்ணோடு நீண்ட ஃபாதரின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பொறுங்க ஃபாதர். யாரும் பேரு சொல்லிராதீங்க."