யாரைத் திட்டுவாள் ஹில்கா

மாத்திரையைத் துப்பியிருப்பான், வேறொன்றுமில்லை என்று ஹில்கா டாக்டரிடம் அடித்துச் சொன்னாள்.

பக்கத்து நாற்காலியில் அவள் கணவன் ரெய்னோ, கம்பளித் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆறு மாதமாகத் தினமும் காலையில் மூன்று மாத்திரை. அவனுக்கு வந்திருக்கும் ரத்தப் புற்றைக் குறி வைத்தே செய்த புது மருந்து. கோடை முழுக்க ரத்தம் கழுவிவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. இப்போது நவம்பரில் நோய் திரும்பி வந்திருக்கிறது என்றால் அதற்கு மாத்திரையா பொறுப்பு? இந்த மனுஷன்தான். பால் டம்ளரோடு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுதான் விழுங்குவான். அந்த முதுகை அவள் என்றைக்கும் நம்பியதில்லை.

டாக்டர் சல்மேலா சின்னப் பெண், பொறுமைசாலி. மாதாமாதம் எடுத்த ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டிய அளவுக்கு இருந்திருக்கிறது என்றாள்.

ஓடுகிற ரத்தத்தில் இருந்த நோய் செல்களை மாத்திரை கொன்றுவிட்டது. எலும்பு மஜ்ஜைக்குள் ஒண்டியவற்றைத்தான் கொல்ல முடியவில்லை. அங்கே அக்கம்பக்கத்து நல்ல செல்களே அவற்றை அணைத்து வைத்து, பிழைத்துக் கிடக்கத் தேவையானதை ஊட்டுகின்றன. மருந்து ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியைத் திறந்து விடுகின்றன. இனி இந்த மாத்திரையால் பயனில்லை. அவன் வயதுக்குத் தாங்குகிற வேறு மருந்தும் இல்லை. இதையெல்லாம் டாக்டர் மெதுவாகத்தான் சொன்னாள்.

ஹில்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"நல்ல செல்லாம், நல்ல செல்லு! நாப்பத்தாறு வருஷமா வேளாவேளைக்குப் பாலும் மோரும் குடுத்து நான் வளத்த எலும்பு டாக்டர் அது. இந்த ஆளக் கொல்ல வந்ததுக்கு உள்ள உக்கார வச்சு விருந்தா வைக்குது?"

எலும்பைத் திட்டி என்ன ஆகப் போகிறது? மாத்திரையைத் திட்டலாமென்றால் அதுவும் தன்னால் ஆனதைச் செய்துவிட்டது. ஹில்கா கோட்டை மாட்டினாள். பொத்தான்கள் இடம் மாறிப் போயின. சரிசெய்யப் போன ரெய்னோவின் கையைத் தட்டிவிட்டாள்.

வெளியே, கார் கண்ணாடியில் உறைந்திருந்த பனியை வெறி பிடித்தவள்போலச் சுரண்டினாள். கையிலிருந்த பிளாஸ்டிக் சுரண்டி ஒடிந்தது. ஒடிந்த துண்டை வீசி எறிந்துவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, திட்டுவதற்கு ஆளில்லாமல் நின்றாள்.

ரெய்னோ பக்கத்தில் வந்தான்.

"நீ சொன்னதுதான் சரி ஹில்கா. கடமான் வேட்டைக்குப் போயிருந்த வாரம் ஒரு மாத்திரையும் முழுங்கல. எல்லாத்தையும் அடுப்புல துப்பிட்டேன்."

ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். அறிவு கெட்டவனே என்று தொடங்கி, அவனை, அவன் கூட்டாளிகளை, செத்துப்போன அவன் அம்மாவை, ஒருவரையும் விடாமல் வீடு வரைக்கும் ஐம்பது கிலோமீட்டர் திட்டிக்கொண்டே காரை ஓட்டினாள். அவன் தலையைக் குனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டான்.

அந்த வாரம் வேட்டைக் குடிலில் எல்லோருக்கும் சமைத்துப் போட்டவள் அவள்தான். தினமும் காலையில், கூட்டாளிகள் சிரிக்கச் சிரிக்க, அவன் நாக்கில் மாத்திரையை வைத்து, விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்தவளும் அவள்தான். இந்த ஆறு மாதத்தில் அவளுக்குச் சந்தேகமே வராத வாரம் அது ஒன்றுதான்.